வீட்ல யாரு சொல்லித் தருவா?

சாயங்காலம் ஆறரை மணிக்குமேல் எங்கள் காலனி மன்றக் கட்டடத்தில் இருபது இருபத்தைந்து பிள்ளைகள் கூடுவார்கள். மீஞ்சூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி நின்று புறப்படுகிற சத்தத்தையும் மீறி உரக்கப் படிப்பார்கள். இவர்களின் அப்பாக்கள் அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கான்ட்ராக்ட் கூலிகள். அம்மாக்கள் கம்பெனிகளிலும் பிறர் வீடுகளிலும் பெருக்கித் துடைக்கிறவர்கள். அவர்கள் வீடு திரும்ப ராத்திரி எட்டாகும், ஒன்பதாகும். அதுவரைக்கும் பிள்ளைகளுக்கு இந்த மன்றம்தான் வீடு.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். நன்னூல் கேட்டால் சொல்லித் தருவேன், சங்கப்பாட்டு கேட்டால் சொல்லித் தருவேன். அதை யாரும் கேட்பதில்லை. பையைத் திறந்தால் இங்கிலீஷ் நோட்டுதான் வெளியே வரும்.

"அண்ணா, மிஸ்ஸு ஓம்வொர்க் குடுத்துருக்காங்க. பத்து சென்டென்ஸ் பேசிவ் வாய்ஸுக்கு மாத்தணும். வீட்ல யாருக்கும் தெரிலண்ணா."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எட்டாவது படிக்கும்போது நான் தப்பும் தவறுமாக எழுதிப்போன ஒரு வீட்டுப்பாட நோட்டைத் தூக்கிக் காட்டி, ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "உங்க வீட்ல படிச்சவங்க யாரும் இல்லியா?" இல்ல சார் என்றேன். "அதான்" என்றார். அவ்வளவுதான். அவர் அடிக்கவில்லை, சாதிப்பேர் சொல்லித் திட்டவில்லை. ஆனால் வகுப்பு முழுக்க அந்த 'அதான்' என்ன என்று தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. இந்தக் கட்டுரையை அதற்கான தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுப்பாடம் என்ற சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் விளக்கு இருக்கும், உட்கார இடம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர எழுத்து தெரிந்த ஒருவர் இருப்பார் என்று பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக எழுத்தைத் தன் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்ட சாதிகளுக்கு இது இயல்பான ஏற்பாடு. எழுத்து மறுக்கப்பட்டவர்களுக்கு? அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்தின் வரலாற்றைத்தான் நாம் பேச வேண்டும்.

மீஞ்சூர் இன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா, பொன்னேரி தாலுகா. அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர்தான் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிற நிலம் அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையால் கிடைத்தது. அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் இதே செங்கல்பட்டுப் பகுதியில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். இது நமக்குத் தெரிந்த வரலாறு. நாம் அதிகம் பேசாதது, நில ஆணைக்குச் சில மாதங்கள் கழித்து 1893 பிப்ரவரியில் வந்த கல்வி ஆணை. சேரிகளில் தனிப் பள்ளிகள், பஞ்சமர் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், பஞ்சம ஆசிரியர்களை உருவாக்க உதவித்தொகை என்றெல்லாம் அது பேசியது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றே அதைச் சொன்னார்கள். நிலமும் எழுத்தும் ஒரே மூச்சில் நமக்கு வாக்களிக்கப்பட்டன. இரண்டும் எந்த அளவுக்கு நம் கைக்கு வந்து சேர்ந்தன என்பதை அவரவர் சேரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதற்கு முன்பே ஆங்கிலம் நம் ஆட்களிடம் வந்திருந்தது. பட்டாளம், பங்களா, மிஷன் என்று அது வந்த வாசல்கள் மூன்று.

பங்களா வாசல் வழியாக வந்தது பட்லர் இங்கிலீஷ். மேல்சாதி எழுத்தாளர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஏடுகள்தான் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் துரையின் கைக்குப் போயின. குறளைத் தேடி ஒரு வெள்ளைக்காரர் பட்லர் வீட்டு ஏட்டிடம் வந்து சேர்ந்தார் என்றால், எழுத்து எங்கே இருந்தது என்பதைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதையையே திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் வந்த அயோத்திதாசர் தமிழோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், பாலி என்று படித்து, 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார்.

அந்த அயோத்திதாசரோடு உறவில் இருந்த கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறு பக்கத்தில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று ஐந்து பள்ளிகள் ஆயின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். மற்ற பள்ளிகள் வாசலிலேயே விரட்டிய காலத்தில் இது பெரிய காரியம். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே என்ன ஆங்கிலம் சொல்லித் தரப்பட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எழுதப் படிக்க, கணக்குப் போட, துரை வீட்டில் வேலை பார்க்கிற அளவுக்கு ஆங்கிலம் பேச, கூடவே சமையல். ஏழைப் பறையர் கொஞ்சம் மேம்பட்டுப் பிழைப்பதற்கு இது போதும் என்பது ஆல்காட்டின் எண்ணம். உத்தரவு போட்டால் புரிந்துகொள்கிற ஆங்கிலம் அது. உத்தரவைப் பார்த்து ஏன் என்று கேட்கிற ஆங்கிலத்தை நம்மவர்கள் வேறு வழியில்தான் தேடிக்கொண்டார்கள்.

அப்படித் தேடியவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி அவரே தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். நானூறு பேர் படித்த இடத்தில் ஏறக்குறைய பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் நெருங்கிப் பழகாமல் ஒதுங்கி ஒதுங்கியே படித்திருக்கிறார். பாடத்தில் சந்தேகம் வந்தால் பக்கத்துப் பையனைக் கேட்கலாம், கூட விளையாடுகிறவனைக் கேட்கலாம் என்பதெல்லாம் சாதிப் பிள்ளைகளுக்குத்தான். நம் பிள்ளைக்கு வீட்டிலும் ஆளில்லை, வகுப்பிலும் ஆளில்லை.

அப்படிப் படித்த ஆங்கிலத்தை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடத்தினால் ஆதிக்க சாதிகளே அத்தனை அதிகாரத்திலும் உட்கார்ந்துகொள்வார்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெஸ்லி கல்லூரியில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையெழுத்துப் போட்ட, 112 அடி நீள மனு இலண்டன் பார்லிமெண்டுக்குப் போனது. தேர்வு என்பது பொதுவானது, சாதிக்கு அப்பாற்பட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதியவர்கள் நம் பாட்டன்மார். பிறகு அவர் தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பி வந்து சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். பொதுத் தெருவிலும் கிணற்றிலும் குளத்திலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் நிறைவேற்ற வைத்தார். 1930இல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். ஒதுங்கி ஒதுங்கிப் படித்தவர் நடுச்சபையில் நின்று வழக்காடினார்.

அம்பேத்கருக்கு வேறு விதமாக வாய்த்தது. அவர் வீட்டில் ஆள் இருந்தார். அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார், பட்டாளப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பம்பாய் பரேலில் ஒரே அறைதான் வீடு. அதற்குள்ளேயே சமையல், அதற்குள்ளேயே படுக்கை. ராத்திரி இரண்டு மணிவரை அப்பா விழித்திருந்து பையனை எழுப்பிவிட்டுத் தான் படுப்பார். அந்த இடத்தில் அவன் படிப்பான். ஹாவர்டின் ஆங்கில வாசகத்தையும் தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடங்களையும் உட்காரவைத்துச் சொல்லித் தந்தவர் ராம்ஜி. புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது கட்டிக்கொடுத்த மகள்களிடம் கேட்டு, அவர்கள் நகையை அடகு வைத்தும் வாங்கித் தந்திருக்கிறார். 1907இல் அம்பேத்கர் மெட்ரிக் தேறினார்.

உலகமே வியக்கிற ஆங்கிலம் அம்பேத்கருடையது. அதற்கு முதல் காரணம் கொலம்பியா அல்ல, பரேல் அறையில் ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்த ஒரு மகார் சுபேதார். பட்டாளத்தில் மகார்களைச் சேர்ப்பதை 1890களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான். ராம்ஜி நுழைந்த வாசல் அவருக்குப் பின்னால் அடைபட்டது. எத்தனை வீடுகளில் ஒரு ராம்ஜி இல்லாமல் போனார், அதனால் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

வீட்டில் ராம்ஜி இல்லாத பிள்ளைகளுக்கு ஊரே ராம்ஜியாக வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1855இலேயே உழவர்களுக்கும் கூலிகளுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். நம் பக்கத்தில் சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடப் புத்தகங்கள் எழுதியவர். சட்டமன்றத்துக்கும் மத்திய சபைக்கும் போன தலைவர் என்றுதான் அவரைச் சொல்கிறோம். சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று யோசித்த வாத்தியார் அவர் என்பதை விட்டுவிடுகிறோம். 1920களில் லேபர் கமிஷனர் பொறுப்பில் சேரிகளுக்குப் பள்ளிகள் வந்தன. 'லேபர் ஸ்கூல்' என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது அதைத்தான். பிறகு அது அரிசனநலப் பள்ளி ஆகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகிவிட்டது. பெயர் இரண்டு முறை மாறியிருக்கிறது. கூரை எத்தனை முறை மாறியது என்பது வேறு கதை.

இதற்கு நடுவில் 1953இல் இராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் வந்து அதை எடுத்தார். அதை நாம் சாதித் திட்டம் என்று சரியாகவே சொல்கிறோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு வீட்டுப்பாடம்தான். பார்ப்பனப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் புத்தகம், பறைப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் மாட்டுத் தொழுவமும் மலக்கூடையும். வீட்டில் என்ன இருக்கிறதோ அதையே பிள்ளை படிக்கட்டும் என்று சொல்வதைவிடச் சுருக்கமாக வருணாசிரமத்தைச் சொல்லிவிட முடியாது. அந்தத் திட்டம் போய்விட்டது. "வீட்ல படிச்சவங்க யாரும் இல்லியா, அதான்" என்கிற பேச்சில் அதன் மிச்சம் உயிரோடு இருக்கிறது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம்.

மன்றத்து அலமாரியில் யாரோ கொடுத்த ரென் அண்ட் மார்ட்டின் ஒன்று அட்டை கிழிந்து கிடக்கிறது. இந்தியாவில் இருந்த வெள்ளை அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து முதலில் எழுதப்பட்ட புத்தகம் அது. அதற்கும் முந்தைய தலைமுறை நெஸ்பீல்டை மனப்பாடம் செய்தது. வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கு விதியைச் சொல்லித் தர எழுதியதை, வீட்டில் ஆங்கிலமே கேட்காத பிள்ளையிடம் கொடுத்து விதியை மட்டும் ஒப்பிக்கச் சொன்னால் எப்படி? 1968இலிருந்து இங்கே தமிழும் ஆங்கிலமும் என்று இருமொழிக் கொள்கை. இந்தித் திணிப்பை எதிர்த்து நின்ற கொள்கை, நமக்கு அதில் மாறுபாடில்லை. ஆனால் அந்த இரண்டாவது மொழியைச் சேரிப் பிள்ளைக்கு யார் மாலை நேரத்தில் சொல்லித் தருவது என்ற கேள்வியை நீண்ட காலம் யாரும் கேட்கவில்லை. காசு இருக்கிறவன் டியூசனுக்கு அனுப்பினான். 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. நம் தாய்மார்கள் வரிசையில் நின்று சேர்த்தார்கள். பாடம் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது, வீட்டில் இருந்த காலி இடம் அப்படியேதான் இருந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, மாலையில் தன்னார்வலர்களை வைத்துச் சொல்லித்தர முன்வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி என்று நான் அதைப் பார்க்கிறேன்.

எங்கள் மன்றத்தில் பேசிவ் வாய்ஸை நாங்கள் வேறு மாதிரி தொடங்கினோம். தமிழிலும் செயப்பாட்டுவினை இருக்கிறதே. எங்கள் பகுதியைப் பற்றி வருகிற நோட்டீசிலும் செய்தியிலும் இருக்கிற மாதிரி வாக்கியங்களைப் பலகையில் எழுதினேன். 'நிலம் கையகப்படுத்தப்பட்டது.' 'ஆற்றில் சாம்பல் கலக்கப்பட்டது.' 'நிலத்தடி நீர் பாதிக்கப்பட்டுள்ளது.' இதை ஆக்டிவ் வாய்ஸுக்கு மாற்றுங்கள் என்றேன். ஏழாவது படிக்கிற ஒரு பையன் கொஞ்சநேரம் முழித்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, யாரு செஞ்சாங்கன்னு போடலியே. அது தெரியாம எப்டி மாத்தறது?"

அதுதான் பாடம். செய்தவன் பெயரைச் சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம் என்ற வசதி இலக்கணத்தில் இருக்கிறது. அதிகாரத்துக்கு அந்த வசதி ரொம்பவும் பிடிக்கும். 1960களிலிருந்து சென்னைக்காக மீஞ்சூர் மண்ணிலிருந்து ஓயாமல் தண்ணீர் இறைத்தார்கள், கடல்நீர் உள்ளே வந்து எங்கள் கிணறுகள் உப்பாயின. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் போய்ச் சேர்ந்தது. செய்தவர் பெயரோடு இவற்றை எழுதிப் பழகினால் பேசிவ் வாய்ஸும் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் வருகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் பத்து வாக்கியத்தையும் தாங்களே மாற்றினார்கள். இரண்டில் தப்பு இருந்தது. அடுத்த நாள் அதையும் திருத்தினோம்.

ஆங்கிலம்தான் விடுதலை என்று நான் சொல்லவில்லை. உத்தரப்பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்து பங்கா கிராமத்தில் 2010இல் ஆங்கிலத்துக்கு ஒரு தேவியையே வைத்துக் கோயில் கட்டத் தொடங்கினார்கள் தலித்துகள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. நீ, நீங்க, வாடா, வாங்க என்று ஆளுக்கொரு மரியாதை வைத்திருக்கிற மொழியில் வயதான அப்பாவை ஊர்த்தெருச் சிறுவன் வாடா போடா என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எல்லாருக்கும் ஒரே 'யூ' என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் கான்வென்ட் இங்கிலீஷ், கவர்மென்ட் ஸ்கூல் இங்கிலீஷ் என்று அங்கேயும் ஊரும் சேரியும் பிரிந்துவிட்டதை நாம் பார்க்கிறோம். இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு வாசல் காவலுக்கும் டெலிவரிக்கும் போதுமான ஆங்கிலத்தைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளவே பலர் தயார். ஆல்காட் காலத்துக் கணக்கு அது. நமக்கு வேண்டியது இரட்டைமலையாரின் மனுவை எழுதுகிற ஆங்கிலம்.

கடைசியாக ஒன்று. எங்கள் காலனியிலிருந்து பி.ஏ. இங்கிலீஷ் படிக்கப் போன முதல் பெண், ஒரு சனிக்கிழமை மன்றத்துக்கு வந்தாள். கையில் 'கருக்கு'. பாமா 1992இல் தமிழில் எழுதியது, 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்தது. கல்லூரியில் அசைன்மென்ட்டாம். கூட ஒரு நோட்ஸும் வைத்திருந்தாள். அதில் தலித் வாழ்க்கையின் அவலங்கள் எண் போட்டு, ஒன்று இரண்டு என்று வரிசையாக இருந்தன.

"அண்ணா, இந்த நோட்ஸ் எனக்குப் புரியவேயில்ல. புக்கு புரியுது. எங்க ஆயா பேசற மாதிரியே இருக்கு. ஆனா நோட்ஸ்ல இருக்கறத எழுதுனாதான் மார்க்கு வருமாம்."

நான் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வந்தேன். அவள் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டாள். இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் படித்தோம். ஆங்கிலத்தில் எது நின்றது, எது விழுந்தது என்று அவளே குறித்துக்கொண்டாள். பல இடங்களில் எனக்கு ஆங்கிலம் அவள்தான் சொல்லித் தந்தாள். நோட்ஸை மூடிவைத்துவிட்டு, தன் ஆயாவைப் பற்றி இரண்டு பக்கம் சேர்த்து அவள் அசைன்மென்ட் எழுதினாள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டாள், நானும் வருத்தப்பட்டேன். மதிப்பெண் நமக்கு விளையாட்டில்லை.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியையும் நீக்கியது. நம் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒன்றை ஆங்கில வகுப்பில் முதன்முதலாகக் கண்டுகொள்கிற பக்கம் எதுவோ அதைத்தான் முதலில் கிழிக்கிறார்கள். பாடத்திட்டத்துக்காக நாம் போராட வேண்டும். அந்தப் போராட்டம் முடிகிறவரை ஏழாவது படிக்கிற பையன் காத்திருக்க முடியாது. நாளைக்கு அவனுக்கு ஓம்வொர்க் இருக்கிறது.

இதைப் படிக்கிற தோழர்களில் பட்டம் வாங்கியவர்கள் நிறைய இருப்பீர்கள். வாரத்தில் இரண்டு மாலை உங்கள் சேரியில் உட்காருங்கள். ஆங்கிலம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதில்லை, எனக்கும் தெரியாது. பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் மன்றத்துப் பிள்ளையிடம் யாராவது "உங்க வீட்ல படிச்சவங்க யாரும் இல்லியா" என்று கேட்டால், "இருக்காங்க சார், இருபது பேர் இருக்காங்க" என்று அது சொல்லட்டும்.